குரலுக்கு உடையவர் யார்?

மதுரை முனிச்சாலையில் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஸ்ரீ டி.எம். சௌந்தரராஜனுக்குச் சிலை திறக்கப்பட்டது. 1922-ல் இந்நகரில் பிறந்து, 2013-ல் காலமான அந்தப் பாடகருக்குப் பிறந்த ஊர் செய்த மரியாதை அது. ஒரு சிலை வைப்பதென்றால் இடம் தேர வேண்டும்; சர்க்கார் அனுமதி வேண்டும்; சிற்பிக்குக் கூலி கொடுக்க வேண்டும்; முகச்சாயல் சரியாக இருக்கிறதா என்று குடும்பத்தாரைக் கேட்பதும் வழக்கம். ஆனால் அவருடைய குரலை அப்படியே வார்த்தெடுத்து, அவர் தம் ஆயுளில் ஒருநாளும் பாடாத ஒரு பாட்டை அவரே பாடியது போல் ஊருக்குள் விட வேண்டுமென்று இன்று ஒருவர் நினைத்தால், இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு கணிப்பொறியும், அவருடைய பழைய பாட்டுக்கள் சிலவும், ஓர் இராப்பொழுதும் போதும். வெண்கலத்துக்கு இருக்கும் காப்பு குரலுக்கு இல்லை என்பது விசித்திரமாகத் தோன்றலாம். சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த பின்னும் நமக்கு அது விசித்திரமாகவே தோன்றுகிறது.

இது கற்பனை விவகாரமன்று. சிலை திறந்த ஆறு மாதங்களுக்குள், 2024 ஜனவரியில், 'லால் சலாம்' என்னும் படத்தின் 'திமிரி எழுடா' என்ற பாட்டு வெளிவந்தது. அதில் கேட்ட குரல்களுள் இரண்டு, உயிரோடு இல்லாத இருவருடையவை. ஒருவர் பம்பா பாக்யா. 2022 செப்டம்பரில் மறைந்தவர். மற்றவர் ஜனாப் ஷாஹுல் ஹமீது. 1993-ல் வந்த 'திருடா திருடா'விலும் மறு வருஷம் வந்த 'காதல'னிலும் தமிழ்நாட்டைத் தம் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்து, சில வருஷங்களுக்குள் மோட்டார் விபத்தில் மாண்டவர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இவ்விருவர் குரலையும் திரும்ப உண்டாக்கியவர் ஜனாப் ஏ.ஆர். ரஹ்மான். ஜனங்கள் வியந்தார்கள், சிலர் கண் கலங்கினார்கள், சிலர் கோபித்துக் கொண்டார்கள். ரஹ்மான் மறைக்காமல் பதில் சொன்னார்: இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றதாகவும், உரிய சன்மானம் அனுப்பியதாகவும் அறிவித்தார்.

அதே வருஷத்தில் 'கோட்' படத்தில் ஸ்ரீ யுவன்சங்கர் ராஜா, ஜனவரியில் காலமான தம் சகோதரி ஸ்ரீமதி பவதாரிணியின் குரலை 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் ஒலிக்கச் செய்தார். 'வேட்டையன்' படத்தில் 'மனசிலாயோ' என்ற பாட்டில், 2011-ல் மறைந்த ஸ்ரீ மலேசியா வாசுதேவனின் குரல் கேட்டது. அதற்கு அடிப்படையாகப் பாடிக் கொடுத்தவர் அவருடைய குமாரர் யுகேந்திரன். இவை மூன்றும் அன்போடும் அனுமதியோடும் நடந்தவை. நான்காவது சம்பவம் வேறு விதம். 2023-ல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் ஸ்ரீ எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் தங்களைக் கேளாமல் செயற்கையாக உண்டாக்கப்பட்டதென்று, அவர் குமாரர் ஸ்ரீ சரண் அப்படத்தாருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில் நுட்பத்தின் மீது தமக்கு விரோதமில்லை, கேளாமல் எடுத்ததே குற்றம் என்பது குடும்பத்தாரின் நிலை. இது முற்றிலும் நியாயமென்பதே நம் அபிப்பிராயம்.

இந்த வித்தை எப்படி நடைபெறுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால்தான் நியாயம் எந்தப் பக்கம் என்பது விளங்கும். கணிப்பொறி தானாக அமர்ந்து மலேசியா வாசுதேவனைப் போல் பாடிவிடுவதில்லை. முதலில் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து வாத்தியங்களை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அக்குரலின் சாயல் என்ன, கனம் என்ன, எந்த எழுத்தில் கரகரக்கிறது, எங்கே மூக்கில் ஏறுகிறது என்பதையெல்லாம் யந்திரம் ஆயிரமாயிரம் தடவை ஒப்பிட்டுக் கற்கிறது. பிறகு உயிரோடு இருக்கும் ஒரு பாடகர் புதுப் பாட்டை ஆதியோடந்தமாகப் பாடிக் கொடுக்கிறார். சுருதியும் தாளமும், கமகமும் மூச்சும், சொல்லை நிறுத்தும் இடமும் அவருடையவை. அவற்றின் மேல் இறந்தவரின் சாயலைப் போர்த்துவதே யந்திரத்தின் வேலை. உடல் ஒருவருடையது, தோல் மற்றொருவருடையது. ஆகவே இதில் கேள்வி கேட்க உரிமையுள்ளவர்கள் இருவர். இறந்த பாடகரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உயிருள்ளவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குமாரர் தகப்பனாருக்காகப் பாடினால் பெயர் வெளியே தெரிகிறது. யாரோ ஒரு இளைஞர் ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக் கொண்டு பாடிவிட்டுப் போனால், அவர் பெயர் பாட்டிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்லர். சங்கீதத்துக்குள் புதுக் கருவி நுழையும்போதெல்லாம் இந்நாட்டில் ஒரு கூக்குரல் எழுவது வழக்கந்தான். ஹார்மோனியம் நம் இசைக்கு ஆகாதென்று 1940 மார்ச்சில் அகில இந்திய ரேடியோ அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த 31 வருஷமும் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடக நடிகர்கள் ஹார்மோனியத்தை வைத்தே விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திக் கொண்டிருந்தார்கள். சங்கீதம் ஒன்றும் செத்துவிடவில்லை. அன்று மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட ஸ்ரீ இளையராஜா, 1986-ல் வந்த 'புன்னகை மன்ன'னில் கணிப்பொறி இசையைக் கையாண்டார். ஆறு வருஷத்துக்குப் பின் 'ரோஜா' வந்தது. யந்திரம் நுழைந்ததால் தாள வாத்தியக்காரர் பலர் வேலை இழந்தார்கள் என்பது மெய்; அதைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆயினும் யந்திரத்தைத் தள்ளி வைத்திருக்க வேண்டுமென்று இன்று எவரும் வாதிக்க மாட்டார்கள்.

இப்புதிய கருவியிலும் நல்லதுண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டியார் 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லென்னன், தம் வீட்டில் பியானோ வாசித்துக் கொண்டே ஒரு சாதாரண ஒலிநாடாவில் பாடி வைத்திருந்த பாட்டு அது. பியானோவும் இரைச்சலும் குரலோடு ஒன்றாய்க் கலந்து கிடந்தன. முன்பு ஒருமுறை முயன்று கைவிட்ட அந்த வேலையை, கற்கும் யந்திரத்தைக் கொண்டு இப்போது முடித்து, குரலைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அங்கே பாடியவர் லென்னன், பாட்டும் லென்னனுடையது, யந்திரம் செய்தது தூசி துடைக்கும் வேலை. நம் நாட்டில் இவ்வேலைக்கு அளவே கிடையாது. மதுரைக் காமராசர் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஸ்ரீமதி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமங்கள் தோறும் சென்று நாட்டுப் பாடல்களைத் திரட்டினார்கள். 2018-ல் அந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அத்தகைய பதிவுகளும், 1980-களிலும் 1990-களிலும் மதுரையில் விற்ற கிராமியப் பாட்டு ஒலிநாடாக்களும் எத்தனை வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றனவோ! அவற்றைத் துடைத்துத் தருவதானால் அந்த யந்திரத்துக்கு மாலை போட்டு வரவேற்கலாம். துடைப்பது வேறு, புதிதாய் வார்ப்பது வேறு.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லுவார்கள். பிறர் குரலைப் பாவித்தல் பழைய சங்கதிதானே? சௌந்தரராஜனே ஸ்ரீ எம்.ஜி. ராமச்சந்திரனுக்கு ஒரு விதமாகவும் ஸ்ரீ சிவாஜி கணேசனுக்கு வேறு விதமாகவும் தம் குரலை இசைத்துக் கொண்டவரல்லவா? மேலூரிலும் வாடிப்பட்டியிலும் திருவிழா இரவுகளில் மேடையேறும் மெல்லிசைக் கோஷ்டிகளில், டி.எம்.எஸ். குரலில் பாடுபவர் ஒருவர் இல்லாமலிருப்பாரா? அவரைத் திருடர் என்பீர்களோ? என்பீர்களோ என்றால், என்ன மாட்டோம். அந்த மேடைப் பாடகர் வருஷக் கணக்கில் தம் தொண்டையைப் பழக்கியிருக்கிறார், தம் முகத்தோடு வெளிச்சத்தில் நிற்கிறார், அவர் டி.எம்.எஸ். அல்லர் என்பது முன்வரிசையில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அவருக்கும் தொண்டை கட்டும். ஒரு மனிதன் எத்தனை பாட்டுப் பாட முடியும் என்பதற்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையே இத்தனை நாளும் அசல் பாடகருக்கு வேலியாக இருந்தது. யந்திரத்துக்குத் தொண்டை கட்டாது. ஒரே இரவில் 1000 பாட்டை 1000 பெயர் தெரியாதவர்கள் செய்துவிடலாம். கேட்பவனுக்கு எது அசல், எது போலி என்று சொல்ல ஆளில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் நடிப்பவருக்கும் 'நிகழ்த்துவோர் உரிமை' என்ற ஒன்று, 1994-ம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் சேர்க்கப்பட்டது. சௌந்தரராஜனின் பொற்காலம் முழுவதும் அதற்கு முன்பே கடந்துவிட்டது. இவ்வுரிமை இன்று 50 வருஷத்துக்கு உண்டு. 2012-ம் வருஷத் திருத்தம் இதைப் பலப்படுத்தி, வருமானத்தில் பங்கையும், பெயர் சொல்லும் கடமையையும், தம் பாட்டைச் சிதைத்துக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையையும் சேர்த்தது. நல்ல சட்டம். ஆனால் அது காப்பது, பாடகர் ஒரு தினத்தில் பாடிய ஒரு பாட்டை. குரலை அன்று. அவர் பாடாத பாட்டில் அவருடைய குரல் ஒலித்தால், பிரதி எடுத்ததாக எதைச் சொல்லுவது? யந்திரத்துக்குக் கற்பிப்பதற்காகப் பழைய பதிவுகளைப் பிரதி செய்தார்கள் என்று வாதிக்கலாம். நாமே கோர்ட்டில் நின்றால் அப்படித்தான் வாதிப்போம். அது மூடிய அறையில் நடந்த காரியம். எந்தப் பதிவிலிருந்து எடுத்தாய் என்று நிரூபிப்பது எளிதன்று.

உயிரோடிருக்கும் பிரசித்தர்களுக்கு வேறொரு வழி பிறந்திருக்கிறது. ஸ்ரீ ரஜனிகாந்த் 2015-ல் தம் பெயரையும் பாவனையையும் ஒரு படத்தார் பயன்படுத்தக் கூடாதென்று சென்னை ஹைக்கோர்ட்டில் தடை பெற்றார். 2024 ஜூலையில் பம்பாய் ஹைக்கோர்ட்டு, ஸ்ரீ அரிஜித் சிங் என்ற பாடகரின் வழக்கில், யார் குரலையும் அவருடைய குரலாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அவருடைய ஆளுமை உரிமையை மீறுவதாகக் கண்டு இடைக்காலத் தடை விதித்தது. வரவேற்கத்தக்க உத்தரவு. ஆனால் ஆளுமை உரிமை என்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஜட்ஜுகள் வழக்குக்கு வழக்கு கட்டி எழுப்பிய சுவர் அது. பிரசித்தி இருப்பவனுக்கே அது உதவும். ஹைக்கோர்ட்டு வரைக்கும் போகப் பணமிருப்பவனுக்கே எட்டும்.

இறந்துபோனவருக்கோ அதுவுமில்லை. செல்வி ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்கியதை எதிர்த்து அவருடைய தமையன் மகள் தொடுத்த வழக்கில், 2021-ல் சென்னை ஹைக்கோர்ட்டு பெஞ்சு தீர்ப்புச் சொல்லிற்று: ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய புகழும் அந்தரங்க உரிமையும் அவரோடு மறைந்துவிடுகின்றன, வீடு வாசலைப் போல் வாரிசுகள் அவற்றை அடைய முடியாது. சரித்திரம் எழுதுவோருக்கும் படமெடுப்போருக்கும் சுதந்திரம் வேண்டும் என்ற அளவில், பத்திரிகைக்காரராகிய நாம் அத்தீர்ப்பில் குறை காண மாட்டோம். ஒருவருடைய கதையைச் சொல்வதும், அவர் குரலையே எடுத்து வேலை வாங்குவதும் ஒன்றாகுமா என்பதே இப்போது எழும் கேள்வி. அது அந்த வழக்கில் எழவில்லை. எழாத கேள்விக்கும் அத்தீர்ப்பையே விடையாகக் காட்டுவார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே ரஹ்மான் இரு குடும்பங்களுக்குச் சன்மானம் அனுப்பியதன் பொருள் இப்போது தெளிவாகும். சட்டம் அவரை நிர்ப்பந்திக்கவில்லை, தாமாகவே செய்தார். பெருந்தன்மை. ஆனால் ஒரு தொழில் முழுவதையும் பெருந்தன்மையை நம்பி நடத்த முடியுமா? நாளை ஒருவர், நான் கேட்க மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்றால், பம்பா பாக்யாவின் வீட்டார் எந்தக் கோர்ட்டில் எந்தச் சட்டத்தின் கீழ் பிராது கொடுப்பது? அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தார் 2024-ல் 'எல்விஸ் சட்டம்' என்றே பெயரிட்டு, குரலையும் ஒருவருடைய சொத்தாக்கி, இறந்த பிறகும் குறைந்தது 10 வருஷம் வாரிசுகளுக்கு அதை உறுதி செய்தார்கள். பாட்டையே பிழைப்பாகக் கொண்ட மாகாணம் அது, விழித்துக் கொண்டது. பாட்டில்லாமல் ஒரு காது குத்துக்கூட நடவாத தமிழ்நாடு இன்னும் விழிக்கவில்லை.

குடும்பத்தாரின் சம்மதமே போதும் என்றும் நாம் கருதவில்லை. இதைச் சொல்வது சங்கடமானது. ஆயினும் சொல்ல வேண்டும். தகப்பனாரின் குரலில் மகன் பாடுவது ஒருவகைத் திவசம் போன்றது. அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் எல்லாக் குடும்பமும் அப்படியிராது. பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிகள் 20 வருஷம் கோர்ட்டுக்கு அலைவதைத் தினமும் பார்க்கிற தொழில் நம்முடையது. வயலுக்கும் வரப்புக்கும் நடக்கும் சண்டை, குரலுக்கும் நடக்கும். அதற்கும் மேலாக, பக்திப் பாட்டேயன்றி வேறு பாடேன் என்று விரதம் காத்த ஒருவரின் குரலில், கடன்பட்ட வாரிசு ஒருவர் சாராய விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது? பாடகர் உயிரோடிருக்கும்போதே, இன்னதற்குச் சம்மதம், இன்னதற்கு இல்லை என்று உயில் போல எழுதி வைக்க வேண்டும்; அந்த எழுத்து வாரிசுகளையும் கட்டுப்படுத்த வேண்டும். எழுதி வைக்காதவர் விஷயத்தில் வாரிசுகள் எல்லோரும் ஒருமித்துச் சம்மதித்தாலன்றி அனுமதி கூடாது.

இதுவரை பெரிய மனிதர்களைப் பற்றியே பேசினோம். நம் கவலை உண்மையில் அவர்களைப் பற்றியதன்று. சில மாதங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமியப் பாடகர் ஒருவர் நம் காரியாலயத்துக்கு வந்தார். ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி என்று கேட்டதையெல்லாம் பாடுபவர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். ஒரு பதிவுக்கூடத்தார் ஆறு மணி நேரம் பாடச் சொல்லி 3000 ரூபாய் தருவதாகவும், கையெழுத்துப் போட ஒரு காகிதம் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். இங்கிலீஷில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாசகம் இருந்தது. அவருடைய குரலையும் குரலின் இயல்பையும், கணிப்பொறிக்குக் கற்பிப்பது உள்பட, இன்றுள்ள முறைகளிலும் இனித் தோன்றும் முறைகளிலும், உலகெங்கும், காலவரையின்றிக் கையாள அவர் சம்மதிக்கிறார் என்பது அதன் சாரம். தமிழில் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், "வக்கீலய்யா, நான் பாட்டைத்தான விக்கிறேன், தொண்டையையுமா எழுதிக் கேக்குறாக?" என்றார்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பாதி விடைதான் இருக்கிறது. பத்திரம் எழுதிய காலத்தில் வழக்கிலில்லாத ஒரு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலன்றி, உரிமை மாறாது என்கிறது 2012-ம் வருஷத் திருத்தம். காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டுமென்பதும் சட்டத்தில் உண்டு. இவை நிகழ்த்துவோருக்கும் பொருந்தும். ஆகவே பழைய பத்திரங்களைக் காட்டி இன்று யந்திரத்துக்குக் குரலை விற்க முடியாது என்று வாதிக்க நல்ல இடமிருக்கிறது. 1990-களில் ஒலிநாடாவுக்குப் பாடிவிட்டுக் கையெழுத்திட்டவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஆனால் புதுப் பத்திரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிடுகிறது. மௌனமாயிருக்கும் பத்திரத்திலிருந்து சட்டம் காப்பாற்றும். வாய் திறந்து பேசும் பத்திரத்திலிருந்து காப்பாற்றாது. அவர் நம் யோசனைப்படி அந்த வாசகத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு ஒருவர் அடிக்காமல் போட்டுக் கொடுத்திருப்பார்.

இதில் மற்றொரு தரப்பும் உண்டு. அவர்களும் நம் பிள்ளைகளே. திருமங்கலத்திலோ அலங்காநல்லூரிலோ ஒரு வாலிபன், வாடகைக்கு ஸ்டூடியோ எடுக்க வகையின்றித் தன் வீட்டு மாடியில் ஒரு கணிப்பொறியை வைத்துக் கொண்டு பாட்டமைக்கிறான். 40 பேர் கொண்ட வாத்திய கோஷ்டியை அவன் எங்கே தேடுவான்? யந்திரம் அவனுக்குக் கோஷ்டியாகிறது. அதைப் பிடுங்கிவிடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அவன் கையிலுள்ள கருவி எதைத் தின்று வளர்ந்தது என்று அவனுக்குச் சொல்லுவாரில்லை. அமெரிக்காவில் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் 2024 ஜூனில் 'சுனோ', 'யுடியோ' என்ற இரு பாட்டு யந்திரங்களின் மேல், தங்கள் பதிவுகளைக் கேளாமல் கற்பித்ததாக வழக்குப் போட்டன. 2025-ல் அவற்றுள் சில கம்பெனிகள் சமாதானமாகி உடன்படிக்கையும் செய்து கொண்டன. இசைத்தட்டுக் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். உசிலம்பட்டிக்காரருக்கு யார் இருக்கிறார்?

மத்திய சர்க்கார் பதிப்புரிமைச் சட்டத்தை இவ்விஷயத்தில் மறுபடியும் திருத்தியே ஆக வேண்டும். குரலைத் தனி உரிமையாக ஏற்க வேண்டும்; குரலை வார்ப்பதற்கான சம்மதத்தை, பாடுவதற்கான சம்மதத்தோடு ஒரே காகிதத்தில் வாங்குவது செல்லாது என்று விதிக்க வேண்டும்; அந்தக் காகிதம் பாடுபவருக்குத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு பாட்டுக்கும் தனிச் சன்மானம் வேண்டும்; வார்த்த குரல் எது, அடியில் பாடியவர் யார் என்ற இரண்டையும் பாட்டோடு அறிவிக்க வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள், எந்தக் கட்சியாராயினும், இதைச் சபையில் எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம். கூத்தும் கரகமும் நையாண்டி மேளமும் அவர்கள் தேர்தல் ஊர்வலங்களுக்கு முன்னே சென்றவைதாம்.

சட்டம் வரக் காலமாகும். அதுவரை கையெழுத்துக்கள் விழுந்து கொண்டேயிருக்கும். 2013 முதல் பாடகர்களுக்கென ஓர் உரிமைச் சங்கம் இந்நாட்டில் இருக்கிறது. சினிமாப் பாடகருக்குப் பயன்படும் அது, தெம்மாங்கு பாடுபவர் வரை எட்டவில்லை. மதுரை வக்கீல் சங்கத்தாரும் நாட்டுப்புறக் கலைஞர் சங்கங்களும் ஒன்றுகூடி, இரண்டே பக்கத்தில், நல்ல தமிழில், ஒரு மாதிரிப் பத்திரம் தயாரிக்க வேண்டும். என்ன பாடப் போகிறார், எத்தனை ரூபாய், எத்தனை வருஷம், குரலை வார்க்கச் சம்மதமா இல்லையா என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். அவர்கள் தயாரித்துக் கொடுத்தால், நமது அச்சுக்கூடத்தில் செலவின்றி அச்சிட்டு, கேட்கும் கலைஞர் எவர்க்கும் தபாலில் அனுப்பி வைக்கிறோம்.